கிரைண்டரில் பல் பிளேடு மாட்டாதீர்கள்

போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தண்டையார்பேட்டையில் என் பட்டறையைப் பூட்டிக்கொண்டிருந்தேன். ஆட்டோ ஒன்று வந்து நின்றது. உள்ளே பத்தொன்பது வயதுப் பையன், இடது கையில் சுற்றிய துண்டு முழுக்க ரத்தம். பக்கத்தில் அவன் அம்மா. "அண்ணா, இவங்க அப்பா கடலுக்குப் போயிருக்காரு, நீங்க கொஞ்சம் கூட வாங்கண்ணா" என்றார். காசிமேட்டுக்காரர்கள், தெரிந்த குடும்பம். ஏறி உட்கார்ந்தேன். ஆஸ்பத்திரி போய்ச் சேரும்வரை அந்தப் பையன் ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னான்: "சின்ன கட்டைதாண்ணா. ஒரு நிமிஷ வேலைதாண்ணா."

ஆள்காட்டி விரலில் நரம்பு வரைக்கும் வெட்டு. விரல் தங்கிவிட்டது. முன்போல மடங்குமா என்று சில மாதம் கழித்துத்தான் தெரியும்.

எனக்குத் தெரிந்த வட்டத்தில் மட்டும் இந்த வருடத்தில் இது மூன்றாவது கை. மூன்று பேருமே தச்சர்கள் இல்லை. மூன்று பேருமே வீட்டில் கிடந்த பலகைத் துண்டில் சுவரில் மாட்ட ஏதாவது செய்யலாம் என்று ஆசையாக உட்கார்ந்தவர்கள். மூன்று பேர் கையிலும் இருந்தது இரும்பு அறுக்கவும் தேய்க்கவும் கையில் பிடிக்கிற 4 அங்குலக் கிரைண்டர், அதில் மரம் அறுக்கும் பல் பிளேடு. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

மிச்ச மரத்தில் பொருள் செய்வதை நான் ஒருநாளும் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். இருபது வருடத்துக்கு மேலாக மரத்தில்தான் என் சோறு. மண்ணடி, ராயபுரம் பக்கம் பழைய வீடு இடிக்கும்போது வரும் பர்மா தேக்கு உத்தரத்தில் ஒரு சாண் துண்டு கிடைத்தால் இழைத்துப் பாருங்கள், எண்ணெய் மினுமினுப்போடு வரி வரியாக எழுந்து வரும். அதை அடுப்பில் போடுவதைவிடச் சுவரில் மாட்டுவது நல்ல காரியம். அந்தப் பையனும் அப்படித்தான். தாத்தாவின் விசைப்படகை உடைத்தபோது இரண்டு பலகையை எடுத்து வைத்திருக்கிறான். அதைப் பட்டை பட்டையாக அறுத்து, ஒரு படகு உருவமாக ஒட்டி, வீட்டுக் கூடத்தில் மாட்ட நினைத்தான். நல்ல மனசு, நல்ல யோசனை. கையில் எடுத்த மெஷின்தான் தப்பு.

எல்லாரும் சொல்வது இது: "கிரைண்டர் இரும்பையே அறுக்குது, மரத்தை அறுக்காதா?" இதற்குப் பதில் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது. மறுபடி ஒருமுறை சொல்கிறேன்.

இரும்பு அறுக்கும் கல்லுக்குப் பல் கிடையாது. அது தேய்த்துத் தேய்த்துத்தான் வழி பண்ணும். பல் பிளேடு கடிக்கும். மரம் ஒரே சீராக இருக்காது. வரி திரும்பும், கணு வரும், அறுபட்ட வாய் மூடிக்கொண்டு பிளேடை நெரிக்கும். அந்த நேரத்தில் கடித்த பல் விடாது. பிளேடு நின்றால் மெஷின் சுற்றும். உங்கள் கையிலிருந்து எகிறி, மரத்தின் மேல் ஏறி, எந்தப் பக்கம் வழி கிடைக்கிறதோ அந்தப் பக்கம் ஓடும். சின்னத் துண்டை இடது கையால்தான் பிடித்திருப்பீர்கள். அது ஓடுவது அந்தக் கையை நோக்கித்தான். கண் சிமிட்டுவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். பலம் இருக்கிறது, அழுத்திப் பிடித்துக்கொள்வேன் என்பதெல்லாம் இங்கே செல்லாது.

வேகத்தையும் பாருங்கள். 4 அங்குலக் கிரைண்டர் நிமிடத்துக்குச் சுமார் 11,000 சுற்று. மரம் அறுப்பதற்கென்றே இருக்கிற 7 அங்குலச் சர்க்குலர் சா சுமார் 5,000 சுற்றுதான். அதற்கும் அடியில் அகலமான தட்டு இருக்கிறது, மரத்தின்மேல் படிந்து உட்காரும், பிளேடு எவ்வளவு ஆழம் போகலாம் என்று கட்டுப்படுத்தும். கையை எடுத்தால் சுவிட்ச் அணையும். கிரைண்டரில் தட்டு கிடையாது. பல மாடல்களில் சுவிட்சைத் தள்ளினால் அப்படியே பூட்டிக்கொள்ளும், கீழே விழுந்தாலும் சுற்றிக்கொண்டே இருக்கும். அணைத்த பிறகும் பிளேடு சில நொடி ஓடும்.

இன்னொன்று. நம் ஊரில் 4 அங்குலக் கிரைண்டரின் கல்லுக்கு நடுத்துளை 16 மில்லிமீட்டர். கடையில் கிடைக்கும் மர பிளேடுகளில் பலவற்றுக்கு 20 மில்லிமீட்டர், அவை மார்பிள் கட்டருக்கு வருபவை. துளை பொருந்தவில்லை என்பதே இது இந்த மெஷினுக்கு இல்லை என்று சொல்வதுதான். அதையும் ஒரு ரிங் போட்டு ஒப்பேற்றி மாட்டுகிறார்கள். 5 அங்குல பிளேடு வாங்கிவிட்டு, கார்டு, அதாவது பிளேடை மூடுகிற பாதுகாப்பு மூடி, இடிக்கிறது என்று கார்டையே கழற்றி எறிகிறார்கள். அந்தப் பையனின் கிரைண்டரிலும் கார்டு இல்லை. எங்கே என்று கேட்டேன், டப்பாவிலேயே இருக்கிறதாம்.

நாங்களே சைட்டில் மார்பிள் கட்டரில் மர பிளேடு மாட்டி அறுக்கிறோம், மறைக்கவில்லை. அதற்குத் தட்டு இருக்கிறது, பலகையைக் கட்டிவைத்து இரண்டு கையும் மெஷினில் இருக்கும்படிதான் பிடிப்போம். அப்படியும் என்னோடு வேலை பார்த்தவர்களில் இரண்டு பேருக்கு விரல் நுனி இல்லை. இரண்டு பேருமே என்னைவிட மூத்த, நல்ல கைக்காரர்கள்.

கையுறை போட்டுக்கொண்டால் போதும் என்று நினைப்பவர்களுக்கு: சுற்றுகிற பிளேடு கையுறை நூலைப் பிடித்தால் விரலோடு சேர்த்து உள்ளே இழுக்கும். துப்பட்டா, தொளதொள சட்டைக் கை, தொங்குகிற இயர்போன் ஒயர், எல்லாமே அப்படித்தான்.

சரி, பிறகு எதில் அறுப்பது? கை ரம்பத்தில். சுவர் அலங்காரத்துக்கு நீங்கள் அறுக்கப்போவது ஒரு சாண், முழ நீளத் துண்டுகள். பொடிப் பல் ரம்பம் ஒன்று, சி கிளாம்ப் இரண்டு, மூலைமட்டம் ஒன்று. இவ்வளவும் சேர்த்துக் கிரைண்டர் விலைகூட வராது. பலகையை மேசையோடு கிளாம்ப் போட்டு இறுக்குங்கள். கோடு போட்டு, முதல் இரண்டு மூன்று இழுப்பு உங்கள் பக்கமாக மெதுவாக இழுங்கள், ரம்பத்துக்கு ஒரு வாய் கிடைக்கும். அப்புறம் அழுத்தாமல் நீளமாக விடுங்கள். ரம்பத்தின் எடையே அறுத்துக்கொண்டு போகும். ஐந்து நிமிடம் ஆகும், ஆகட்டும். வளைவு வேண்டுமா, ஜிக்சா வாங்குங்கள் அல்லது வாடகைக்கு எடுங்கள். பலகையை நீளவாக்கில் பட்டையாகக் கிழிக்க வேண்டுமா, பக்கத்து மர அறுவைக் கடையில் கொடுங்கள். ஆனால் கொடுப்பதற்கு முன் ஆணியெல்லாம் பிடுங்கிவிட்டுக் கொடுங்கள். அங்கே நிற்பவருக்கும் கண் இருக்கிறது.

ஆணிதான் பழைய மரத்தின் பெரிய தொந்தரவு. தலை துருப்பிடித்து உதிர்ந்திருக்கும், உடல் உள்ளே இருக்கும், மேலே நாலு கோட்டிங் பெயின்ட் ஏறியிருக்கும். காந்தத்தைப் பலகைமேல் மெதுவாக ஓட்டிப் பாருங்கள், இழுக்கிற இடத்தில் சாக்பீஸால் வட்டம் போடுங்கள்.

மரம் எங்கிருந்து வந்தது என்றும் பாருங்கள். நம் பக்கம் துறைமுகத்தை ஒட்டிய குடோன்களில் இருந்து பேலட் கட்டைகள், அதாவது சரக்கு அடுக்கி ஏற்றுகிற மரத் தட்டுகள், நிறைய வெளியே வருகின்றன. ஏற்றுமதிக்கான பேலட்டில் கோதுமைக் கதிர் படத்தோடு ஒரு முத்திரை சுட்டிருப்பார்கள். அதில் HT என்று இருந்தால் மரத்தின் நடுப்பகுதி வரை 56 டிகிரி சூட்டில் 30 நிமிடம் வைத்தது, எடுத்துக்கொள்ளலாம். MB என்றால் மெத்தில் புரோமைடு என்ற பூச்சிக்கொல்லி வாயு போட்டது, வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள். எந்த முத்திரை இருந்தாலும் எண்ணெய்க் கறை, ரசாயன வாடை இருந்தால் தொடவே வேண்டாம். அதில் எந்த டிரம் நின்றது என்று யாருக்குத் தெரியும்?

பழைய பெயின்ட் அடித்த கதவு, ஜன்னல், படகுப் பலகை என்றால் அந்தப் பெயின்டை வீட்டுக்குள் உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள். வீட்டுப் பெயின்டில் ஈயம் 90 பிபிஎம் (பத்து லட்சத்தில் 90 பங்கு) அளவைத் தாண்டக் கூடாது என்ற விதி நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பூச்சில் ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம். படகின் அடிப்பலகையில் பாசி, சிப்பி ஒட்டாமல் இருக்கச் செம்பு கலந்த பெயின்ட் வேறு அடிப்பார்கள். தவழுகிற குழந்தை இருக்கிற வீட்டில் இந்தத் தூள் தரையில் படிவது எவ்வளவு ஆபத்து என்று தயவுசெய்து யோசியுங்கள். பழைய நிறம் அழகாக இருக்கிறது, அப்படியே வேண்டும் என்றால் தேய்க்காமல் ஈரத் துணியால் துடைத்து, மேலே இரண்டு கை கிளியர் வார்னிஷ் அடித்து மூடிவிடுங்கள்.

உளுத்த மரம் வேண்டாம். வெள்ளைத் தாளை விரித்து, அதன்மேல் பலகையை நிறுத்தித் தட்டுங்கள். மாவு மாதிரி கொட்டினால் உள்ளே பூச்சி இருக்கிறது. அதைக் கூடத்தில் மாட்டினால் அடுத்தது உங்கள் கதவு நிலைதான்.

தேய்க்கும்போது முகக்கவசம், துணிக் கர்ச்சீப் இல்லை, என்95. உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை மரத்தூளை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதல் பிரிவில் வைத்திருக்கிறது. எம்டிஎஃப் (மர நாரைப் பசையோடு அழுத்திச் செய்த பலகை), பிளைவுட் தூளில் பசையும் சேர்ந்து வரும். மொட்டை மாடியில் வைத்துத் தேயுங்கள். கண்ணுக்குக் கண்ணாடி. 80, 120, 220 நம்பர் என்று வரிசையாக உப்புத்தாள் போட்டால் பாலிஷ் இல்லாமலே வழவழப்பு வரும்.

தின்னர் கலந்த பாலிஷ் அடிக்கும்போது அடுப்பு, சாமி விளக்கு, ஊதுபத்தி எதுவும் எரியக் கூடாது. நம் பக்கத்து ஒற்றை அறை வீடுகளில் இது எத்தனை கஷ்டம் என்று தெரியும், அதனால்தான் மாடிக்குப் போங்கள் என்கிறேன். மரத்துக்குப் பூசுகிற லின்சீட் (ஆளி விதை) எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள். அது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயப் போடுங்கள்.

மாட்டுவதற்கு இரட்டைப் பக்க டேப் போதாது. ரவல் பிளக் அடித்து, துருப்பிடிக்காத ஸ்டீல் ஸ்க்ரூ போடுங்கள். கடல் காற்றில் சாதாரண ஸ்க்ரூ துருப்பிடித்துச் சுவரில் பழுப்பாக வழியும். தூளிக்கு மேலேயும் கட்டில் தலைமாட்டிலும் மரம் எதையும் மாட்ட வேண்டாம்.

அப்படியும் கை அறுபட்டுவிட்டால்: காப்பித்தூள், மஞ்சள்தூள் எதுவும் வைக்காதீர்கள். சுத்தமான துணியை வைத்து அழுத்திப் பிடித்து, கையை உயர்த்துங்கள். மோதிரம் இருந்தால் வீங்குவதற்குள் கழற்றுங்கள். விரல் துண்டாகிவிட்டால் அதை நேராக ஐஸில் போடக் கூடாது. ஈரமான சுத்தத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் கவரில் போட்டு இறுகக் கட்டி, அந்தக் கவரை ஐஸ் தண்ணீரில் வைத்து எடுத்துக்கொண்டு ஓடுங்கள். நம் பக்கத்திலேயே பழைய சிறைச்சாலைச் சாலையில் ஸ்டான்லி மருத்துவமனையில் கை அறுவை சிகிச்சைக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. 108-க்குப் போன் செய்யும்போதே விரல் துண்டாகியிருக்கிறது என்று சொல்லிவிடுங்கள்.

அந்தப் படகுப் பலகைகளை நான் வாங்கி வந்து பட்டறையில் வைத்திருக்கிறேன். நேற்றுக் காந்தம் ஓட்டினேன். ஒரு பலகையில் மட்டும் 17 ஆணி. அவன் அறுக்கப் பார்த்த கோட்டின் நேர் கீழே ஒன்று, பாதி வெட்டுப்பட்டு மின்னிக்கொண்டிருந்தது. எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டேன். கட்டு பிரித்து, டாக்டர் சரி என்று சொன்ன பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வா என்று சொல்லியிருக்கிறேன். கிளாம்ப் போட்டுத் தருகிறேன், ரம்பத்தை அவனே பிடிக்கட்டும்.