ஞாயிற்றுக்கிழமை பௌலரின் முதுகுக்கு யார் பொறுப்பு?

திருப்பூரில் பிசியோதெரபி கிளினிக் நடத்துகிறேன். எனக்குத் திங்கட்கிழமைதான் கூட்டம் அதிகம். ஞாயிறு முழுக்க டோர்னமென்ட் ஆடிவிட்டு, மறுநாள் கம்பெனியில் உட்கார முடியாமல் வருகிற பையன்கள். கேட்ச் பிடிக்கப் போய் விரல் பிசகியவர், ரன் ஓடும்போது தொடைத் தசை பிடித்துக்கொண்டவர், டைவ் அடித்துத் தோள்பட்டை இறங்கியவர். பெரும்பாலும் டெய்லர், கட்டிங் மாஸ்டர், செக்கிங், அயர்னிங் வேலை பார்ப்பவர்கள். கையும் காலும் முதுகும் ஒழுங்காக இருந்தால்தான் வாரச் சம்பளம்.

உள்ளூர் கிளப்புகள் ஆட்டக்காரர்களுக்குக் காசு கொடுக்கலாமா என்ற பேச்சு இப்போது எல்லா டீமிலும் ஓடுகிறது. "நட்புக்காக ஆடுறதுதானே, காசு எதுக்கு" என்று ஒரு பக்கம். "நல்ல பௌலர் வேணும்னா கொடுத்துத்தான் ஆகணும்" என்று இன்னொரு பக்கம். கொடுக்க வேண்டும் என்பதுதான் என் கருத்து. ஆனால் இப்போது கொடுக்கிற முறை பையன்களின் உடம்பைக் கெடுக்கிறது. அதை என் மேஜையில் வாரா வாரம் பார்க்கிறேன்.

ஒரு பையனைப் பற்றிச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். 22 வயது, பனியன் கம்பெனியில் பவர் டேபிள் என்கிற தையல் மெஷினில் உட்காரும் டெய்லர், இடது கை வேகப்பந்து. சுற்று வட்டாரத்தில் எந்த டோர்னமென்ட் நடந்தாலும் ஏதாவது ஒரு டீம் அவனைக் கெஸ்டாக, அதாவது காசு கொடுத்து வெளியாளாக, கூப்பிடும். ஒரு நாளைக்கு 1,500 ரூபாய், சாப்பாடு, பைக்குக்குப் பெட்ரோல். சனிக்கிழமை ராத்திரி ஒரு ஊரில் லைட் மேட்ச், விடிந்ததும் இன்னொரு ஊர்.

சட்டையைக் கழற்றச் சொன்னபோது இடுப்புக்கு மேலே வலி பிளாஸ்டர் ஒட்டி ஒட்டிப் பிய்த்த சதுரத் தடம் சிவந்து கிடந்தது. பேன்ட் பையில் பாதி தீர்ந்த வலி மாத்திரை அட்டை. குனியச் சொன்னேன், குனிந்தான். வலது காலில் மட்டும் நின்று பின்னால் சாயச் சொன்னேன். முகம் சுருங்கிவிட்டது. கட்டிலைப் பிடித்துக்கொண்டான்.

"எத்தனை நாளா?"

"ஆறு வாரமா இருக்குதுங் சார்."

"ஆறு வாரமும் பௌலிங் போட்டியா?"

"போகலீன்னா அந்த ஆயிரத்து ஐநூறு வராதுங்களே."

எலும்பு மருத்துவரிடம் அனுப்பினேன். எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை. எம்.ஆர்.ஐ.யில் கீழ் முதுகெலும்பின் வலது பின்பக்கத்தில் விரிசல் ஆரம்பித்திருந்தது தெரிந்தது. ஸ்ட்ரெஸ் பிராக்சர் என்பார்கள். ஒரே அடியில் உடைவது இல்லை இது. ஒரு கம்பியைத் திரும்பத் திரும்ப வளைத்தால் ஓரிடத்தில் களைத்துப்போய் விரிசல் விடுமே, அப்படி. வேகப்பந்து போடும்போது முன்கால் தரையில் ஊன்றுகிற அந்த நொடியில் உடல் எடையைப்போல ஐந்து மடங்குக்கு மேல்கூடப் பாரம் இறங்கும். அதே நொடியில் முதுகு பின்னால் வளைந்து, பக்கவாட்டில் சாய்ந்து, திருகவும் செய்கிறது. பெரும்பாலும் பந்து போடும் கைக்கு எதிர்ப்பக்கத்து எலும்புதான் அடி வாங்கும். இடது கைக்காரனுக்கு வலது பக்கம் வலித்ததற்குக் காரணம் அதுதான்.

இருபதுகளின் நடுப்பகுதி வரை இந்த எலும்பு முழு உறுதிக்கு வந்திருக்காது. ஆகவே 15 முதல் 25 வயது வரையுள்ள வேகப்பந்து பையனுக்கு, பின்னால் வளையும்போது ஒரு பக்கமாக முதுகு வலித்து, அந்த வலி இரண்டு வாரத்துக்கு மேல் நின்றால், அதைத் தசைப்பிடிப்பு என்று தள்ளிவிடாதீர்கள். எக்ஸ்ரே நன்றாக இருக்கிறது என்று மறுபடி ஓடி வந்து பந்து போடாதீர்கள். ஆரம்ப விரிசல் எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியாது. சீக்கிரம் கண்டுபிடித்து பௌலிங்கை நிறுத்தினால் பெரும்பாலும் சில மாதங்களில் எலும்பு கூடிவிடும். வலி மாத்திரை போட்டுக்கொண்டே தொடர்ந்தால் விரிசல் முழு உடைசலாகி, கூடாமலே நின்றுவிடவும் வாய்ப்பு உண்டு.

மெடிக்கலில் வாங்கிப் போடுகிற வலி மாத்திரை, வலி ஊசி பற்றியும் ஒரு வார்த்தை. ஏப்ரல், மே வெயிலில் வியர்த்து, தண்ணீரும் சரியாகக் குடிக்காமல், வெறும் வயிற்றில் இதைப் போட்டால் சிறுநீரகம் பாதிக்கலாம். வயிற்றில் புண்ணும் வரலாம். மேட்சுக்கு முன்னால் மாத்திரை போட்டால்தான் ஆட முடியும் என்ற நிலை வந்துவிட்டதா, அன்றைக்கு ஆடக்கூடாது.

இப்போது காசு விஷயத்துக்கு வருகிறேன். அந்தப் பையன் முட்டாள் இல்லை. வலி இருக்கிறது என்று சொன்னால் அன்றைய காசு போகும். அடுத்த வாரம் அவன் இடத்தில் வேறொருவன் நிற்பான். ஆகவே மறைத்தான். "ஆடினால் காசு, ஆடாவிட்டால் இல்லை" என்று வைத்தால், வலியை மறைக்கிறவனுக்குத்தான் நாம் சம்பளம் கொடுக்கிறோம். கேப்டனும் கேட்பதில்லை. 1,500 கொடுத்துக் கூட்டி வந்தவனை இரண்டு ஓவர் போடவிட்டு உட்கார வைக்க யாருக்கு மனசு வரும்? ஒரு மேட்சுக்கு இரண்டு ஓவர்தானே என்பார்கள். ஒரே நாளில் நான்கு மேட்ச் ஆடினால் எட்டு ஓவர். அதுவும் ஒவ்வொரு முறையும் வெயிலில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து, உடம்பு ஆறி, வார்ம் அப் இல்லாமல் எழுந்து முழு வேகத்தில் போடுவது. முந்தின ராத்திரி லைட் மேட்ச் வேறு. வாரம் முழுக்க மெஷினில் உட்கார்ந்துவிட்டு இரண்டு நாளில் இவ்வளவையும் கொட்டினால் எலும்பு தாங்காது.

கிரிக்கெட்டில் காசு கொடுப்பது ஒன்றும் புதிதில்லை. இங்கிலாந்தில் காசு வாங்காமல் ஆடுகிறவர், காசுக்கு ஆடுகிறவர் என்று இரண்டு சாதியாகவே பிரித்து வைத்திருந்தார்கள். 1962 கடைசியில்தான் அந்தப் பிரிவினையை எடுத்துவிட முடிவு செய்தார்கள். ஆனால் அங்கேயே லங்காஷயர் லீக்கில் ஊர் கிளப்புகள் வேறு ஒரு வழி வைத்திருந்தன. டீமில் ஒருவருக்குத்தான் சம்பளம், மற்றவர்கள் வேலைக்குப் போய்விட்டு சனிக்கிழமை வந்து ஆடும் ஊர்க்காரர்கள். வெஸ்ட் இண்டீஸின் லியரி கான்ஸ்டன்டைன் 1929 முதல் 1937 வரை நெல்சன் என்ற பஞ்சாலை ஊருக்கு இப்படி ஆடினார். நம் வினூ மன்கட் 1952-இல் அதே லீக்கில் ஹேஸ்லிங்டனுக்கு ஆடினார். சம்பளம் பேசியது மேட்சுக்கு இவ்வளவு என்று இல்லை, சீசனுக்கு இவ்வளவு என்று. உள்ளூர்க்காரர் யாராவது ஐம்பது அடித்தால் கூட்டத்தில் பெட்டி ஏந்திக் காசு வசூலித்து அவரிடம் கொடுப்பார்கள். நெல்சனும் நம்மைப்போலவே நூலையும் துணியையும் நம்பி வாழ்ந்த ஊர் என்பதால் எனக்கு அந்தக் கதை பிடிக்கும்.

இதைவிட நல்ல முறை சென்னையிலேயே இருந்தது. தமிழ்நாடு கிரிக்கெட் சங்கத்தின் (டி.என்.சி.ஏ.) லீக்கில் ஸ்டேட் பேங்க், இந்தியன் பேங்க், சதர்ன் ரயில்வே, ரயில் பெட்டி செய்கிற ஐ.சி.எஃப். என்று அலுவலக டீம்கள். ஆட்டக்காரனுக்கு வேலை கொடுத்தார்கள். கால் உடைந்து மூன்று மாதம் படுத்தாலும் முதல் தேதி சம்பளம் வரும். அதனால் அவனால் "சார், முடியல" என்று வாய் திறந்து சொல்ல முடிந்தது. அந்த வேலைகள் குறைந்துவிட்டது நம் கிரிக்கெட்டுக்குப் பெரிய இழப்பு.

இன்றைக்குப் பெரிய ஆட்டக்காரர்களுக்கும் அதே பாதுகாப்புதான் இருக்கிறது. இந்திய வேகப்பந்து வீச்சாளர் பும்ராவுக்கு 2023 மார்ச்சில் நியூசிலாந்தில் முதுகில் அறுவை சிகிச்சை நடந்தது. அதே மாதம் வெளியான இந்திய கிரிக்கெட் வாரியத்தின் (பி.சி.சி.ஐ.) ஒப்பந்தப் பட்டியலில், ஆண்டுக்கு 7 கோடி ரூபாய் பெறும் முதல் வரிசையில் அவர் பெயர் இருந்தது. சேலம் சின்னப்பம்பட்டியில் டென்னிஸ் பால் ஆடி வளர்ந்த வேகப்பந்து வீச்சாளர் நடராஜனுக்கு 2021-இல் முழங்காலில் அறுவை சிகிச்சை. அப்போது அவர் இந்திய ஆட்டக்காரர், பார்த்துக்கொள்ள வாரியம் இருந்தது. இதே அடி அவர் ஊரில் டோர்னமென்ட் ஆடிக்கொண்டிருந்த காலத்தில் பட்டிருந்தால்? அந்த நிலையில் இருக்கிற பையன்கள்தான் என் கிளினிக்குக்கு வருகிறார்கள்.

சரி, ஒரு சாதாரண கிளப்பால் என்ன செய்ய முடியும்? கேப்டன்கள் கேட்டால் நான் முதலில் சொல்வது, பரிசுப் பணத்தில் நான்கில் ஒரு பங்கைப் பிரிக்காமல் வைத்தியத்துக்கென்று ஒதுக்குங்கள் என்பதுதான். டீமில் இரண்டு பேர் பெயரில் சேர்ந்து ஒரு வங்கிக் கணக்கு போதும். எக்ஸ்ரே, ஸ்கேன், பிசியோ செலவு அதிலிருந்து போகட்டும். அப்புறம் மீதியைப் பிரியுங்கள். கெஸ்டுக்குக் கொடுக்க ஆயிரக்கணக்கில் இருக்கிறது, நம் டீம் கீப்பரின் விரலுக்கு எக்ஸ்ரே எடுக்கக் காசில்லை என்பது எனக்குக் கோபம் வருகிற விஷயம்.

காசு கொடுப்பதாக இருந்தால் சீசனுக்குப் பேசுங்கள். மூன்று மாதத்துக்கு இவ்வளவு, நடுவில் அடிபட்டாலும் அது உண்டு என்று நோட்டில் எழுதுங்கள். தொகை சின்னதாக இருந்தாலும் பரவாயில்லை. போக்குவரத்தும் சாப்பாடும் பதினோரு பேருக்கும் ஒரே மாதிரி. ஒருவனுக்கு மட்டும் பிரியாணி வந்தால் டீம் இரண்டாகிவிடும், அதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பள்ளிக்கூடம் படிக்கிற பையனுக்கு மேட்ச் கணக்கில் காசு கொடுக்கவே கூடாது. அவனுக்கு ஷூ வாங்கிக் கொடுங்கள், பீஸ் கட்டுங்கள். 16 வயதில் ஒரே நாளில் மூன்று டீமுக்குப் பந்து போட்டவனை நான் பார்த்திருக்கிறேன். அவன் அம்மாவுக்கு விஷயமே தெரியாது.

சம்பளத்தில் இ.எஸ்.ஐ. என்கிற தொழிலாளர் காப்பீட்டுப் பிடித்தம் உள்ளவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். கிரவுண்டில் பட்ட அடிக்கும் அங்கே சிகிச்சை உண்டு. சந்தா கட்டிய நாட்கள் போதுமான அளவு இருந்தால், வேலைக்குப் போக முடியாத நாட்களுக்குச் சம்பளத்தில் 70 சதவீதம், ஆண்டுக்கு 91 நாள் வரை கிடைக்கும். பீஸ் ரேட்டில், அதாவது தைத்த எண்ணிக்கைக்குக் கூலி என்று ஓடுகிற நிறையப் பேருக்கு அந்தப் பிடித்தமே இல்லை. அவர்கள் குறைந்தபட்சம் வங்கியில் பிரதமரின் விபத்துக் காப்பீட்டையாவது போட்டுக்கொள்ள வேண்டும். 18 முதல் 70 வயது வரை, ஆண்டுக்கு 20 ரூபாய். விபத்தில் உயிர் போனாலோ நிரந்தர ஊனம் வந்தாலோதான் அது கைகொடுக்கும், அதிகபட்சம் 2 லட்சம். ஸ்கேன் செலவுக்கு வராது. குழுவாக விபத்து பாலிசி எடுக்கிற கிளப், சிகிச்சைச் செலவு அதில் சேருமா என்று கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். மெதுவாக வருகிற ஸ்ட்ரெஸ் பிராக்சரை விபத்து என்று பெரும்பாலும் ஏற்கமாட்டார்கள். அதற்குத்தான் வைத்தியப் பணம் தனியாக வேண்டும் என்கிறேன்.

அந்த டெய்லர் பையன் ஐந்து மாதம் பந்தைத் தொடவில்லை. முதல் ஆறு வாரம் மெஷினிலும் அரை நாள்தான் உட்கார முடிந்தது. கூப்பிட்டுக் காசு கொடுத்த டீம்களில் இருந்து ஒருவரும் வரவில்லை. அவன் சொந்த ஊர் டீம், காசே கொடுக்காத டீம், ஆளுக்கு நூறு இருநூறு என்று போட்டு எம்.ஆர்.ஐ. செலவில் பாதியைக் கட்டியது. கேப்டன் ஒரு நோட்டில் யார் யார் எவ்வளவு என்று எழுதி வந்திருந்தார். அதே நோட்டின் கடைசிப் பக்கங்களை வாங்கி, வாரத்துக்கு எத்தனை பந்து போடலாம் என்று கட்டம் போட்டுக் கொடுத்தேன். முதல் வாரம் 24 பந்து, பாதி வேகம், ஒரு நாள் விட்டு ஒரு நாள்.

இப்போது சீசனுக்கு இவ்வளவு என்று அந்த ஊர் டீமிலேயே ஆடுகிறான். மாதம் ஒருமுறை நோட்டை எடுத்து வருவான். போன முறை ஒரு கட்டத்தில் பந்து எண்ணிக்கை இல்லை. "முதுகு லேசா இறுக்கமா இருந்துச்சுங், உட்கார்ந்துட்டேன்" என்று அவன் கையெழுத்தில் இருந்தது.