ஹோம்லெஸ் மாணவர் 'ஆதரவற்ற' மாணவரா?

அமெரிக்கப் பள்ளிகளைப் பற்றித் தமிழில் வரும் செய்திகளில் 'ஹோம்லெஸ்' மாணவர்களை 'ஆதரவற்ற மாணவர்கள்' என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. அம்மாவும் அப்பாவும் கூடவே இருக்கிற பிள்ளை எப்படி ஆதரவற்றதாகும்? வேலை போய், வாடகை கட்ட முடியாமல், நான்கு பேரும் சித்தி வீட்டுக் கூடத்தில் படுத்துக்கொள்கிறார்கள். அந்தப் பிள்ளைக்கு இல்லாதது வீடுதானே தவிர ஆதரவு அல்ல.

ஆங்கிலத்தில் 'ஹோம்' பழைய சொல். ஊர், குடியிருப்பு என்ற பொருளும் அதற்கு உண்டு. பர்மிங்ஹாம் போன்ற ஊர்ப்பெயர்களின் ஈற்றில் இருப்பது அதன் உறவுதான். 'லெஸ்' என்றால் இல்லாத. நம் 'வீடு', 'விடு' என்ற வினையின் முதலெழுத்து நீண்டு வந்தது, சுடு சூடானது போல. சொல்லின் பிறப்பு இவ்வளவுதான். இதில் யாருக்கும் சண்டை இல்லை. சண்டை அந்தச் சொல் யாரைக் குறிக்கிறது என்பதில்தான்.

அமெரிக்காவில் அதைச் சட்டமே வரையறுத்திருக்கிறது. 1987இல் வந்த மெக்கினி-வெண்டோ சட்டத்தின்படி, இரவில் தங்குவதற்கு நிலையான, வழக்கமான, போதுமான இடம் இல்லாத பிள்ளைகள் எல்லோரும் இந்தக் கணக்கில் வருவார்கள். காப்பகத்தில் இருப்பவர்கள், காரிலும் பூங்காவிலும் தூங்குபவர்கள், வேறு வழியில்லாமல் மோட்டல் அறையில் வாரக் கணக்கில் கிடப்பவர்கள், வீட்டை இழந்து உறவினரோடோ நண்பரோடோ ஒண்டியிருப்பவர்கள், எல்லாரும்தான். 2022-23 கல்வியாண்டில் இப்படிப் பதிவானவர்கள் 13 லட்சத்துக்கும் மேல். அவர்களில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கினர் கடைசி வகை, ஒண்டியிருப்பவர்கள்.

இப்போது 'ஆதரவற்ற' என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் அது வெறும் அடைமொழி இல்லை. ஆதரவற்றோர் இல்லம், ஆதரவற்ற விதவை ஓய்வூதியம் என்று அரசு ஆவணங்களில் பொருள் இறுகிப்போன சொல். கேட்டதும் மனதில் வருவது நாதியற்ற நிலை. இந்தச் சொல்லோடு ஒரு செய்தியைப் படிப்பவர், இவர்களுக்கு விடுதி கட்டிக் கொடுத்தால் போதுமே என்றுதான் நினைப்பார். அங்கே நடப்பதோ வேறு. வாஷிங்டன் மாநிலத்தின் டகோமா நகரில் 2011இல் வீட்டுவசதி வாரியமும் மெக்கார்வர் தொடக்கப் பள்ளியும் கைகோத்தன. சுமார் 50 குடும்பங்களுக்கு வாரியம் வாடகையில் உதவியது. பிள்ளையை அதே பள்ளியில் வைத்திருக்க வேண்டும், படிப்பில் பெற்றோரும் பங்கெடுக்க வேண்டும் என்பது நிபந்தனை. ஆதரவற்ற பிள்ளைக்கு எந்தப் பெற்றோர் கையெழுத்துப் போடுவார்? ஒரு சொல் பிசகினால் திட்டமே புரியாமல் போகிறது.

பெற்றோர் துணை இல்லாமல் தனியே அலையும் பதின்பருவத்தினரும் அங்கே உண்டு. அவர்களுக்குச் சட்டம் தனிப்பெயர் வைத்திருக்கிறது. 'ஆதரவற்ற' என்பதை எல்லாருக்கும் வாரி வழங்கிவிட்டால், அவர்களைச் சொல்ல நம்மிடம் சொல் மிஞ்சாது.

சரி, 'வீடற்ற' என்று எழுதலாமே என்பார்கள். தனித்தமிழ் அன்பர்கள் 'வீடிலி' என்றும் சொல்கிறார்கள். வடிவம் அழகுதான். ஆனால், "எங்களுக்கு வீடில்லை சார், வாடகைக்குத்தான் இருக்கோம்" என்பது நம் ஊர்ப் பேச்சு. வீடில்லை என்றால் சொந்த வீடில்லை என்றுதான் பாதிப் பேர் எடுத்துக்கொள்வார்கள். மீதிப் பேருக்கு நடைபாதை நினைவுக்கு வரும். சித்தி வீட்டுக் கூடத்தில் படுத்திருக்கும் பிள்ளை இரண்டிலும் சேராது.

வள்ளுவர் இந்த வேறுபாட்டைச் சொல்லிலேயே பிரித்து வைத்திருக்கிறார். 340ஆம் குறளில் நிலைத்த வீட்டுக்குப் 'புக்கில்', ஒதுங்கியிருக்கும் இடத்துக்குத் 'துச்சில்'. அருமையான சொற்கள். ஆனால் பள்ளிப் படிவத்தில் 'துச்சில்' என்று அச்சடித்தால், நிரப்ப வேண்டிய தாய் யாரிடம் பொருள் கேட்பாள்? தூய்மை எனக்கும் பிடிக்கும். புரியாத தூய்மையால் அவளுக்குப் பயனில்லை.

என் தேர்வு 'நிலையான இருப்பிடமற்ற மாணவர்'. கொஞ்சம் நீளம்தான். சட்டம் சொல்வதும் இதைத்தான். 'இருப்பிடச் சான்று' என்ற வழக்கால் எல்லோருக்கும் பழகிய சொல்லும்கூட. அந்தச் சான்று கையில் இல்லாவிட்டாலும், தடுப்பூசிச் சீட்டு இல்லாவிட்டாலும், பிள்ளையை உடனே சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பதுதான் அந்தச் சட்டத்தின் உயிர்நாடி. ஊருக்குள் எங்கே இடம் மாறினாலும் பழைய பள்ளியிலேயே தொடரலாம், போக்குவரத்தைப் பள்ளி நிர்வாகம் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதும் அதில் உண்டு.

உறவினர் வீட்டில் இடுக்கிக்கொண்டு இருப்பதை ஆங்கிலத்தில் 'டபுள்ட்-அப்' என்கிறார்கள். அதை 'இரட்டிப்புக் குடியிருப்பு' என்று எழுதியதைப் பார்த்துப் பதறிவிட்டேன். ஏதோ இரண்டு மாடி வீடு வாங்கியவர்கள் போலத் தோன்றுகிறது. 'ஒண்டியிருத்தல்' என்று நம் பாட்டிமார் சொன்னது போதாதா? ஒண்டுக்குடித்தனம் வேறு, அது வாடகை கொடுத்து இருப்பது. ஒண்டியிருப்பவருக்கு எந்த நாளும் கிளம்பச் சொல்லிவிடுவார்களோ என்ற பயம் உண்டு. அந்தப் பயம் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. அகராதியின் முதல் பொருளை எடுத்து ஒட்டும் மொழிபெயர்ப்பாளர்கள் இதையெல்லாம் யோசிப்பதே இல்லை.

அப்புறம் 'கம்யூனிட்டி குரூப்ஸ்'. இதை 'சமூகக் குழுக்கள்' என்கிறார்கள். தமிழ்நாட்டில் 'எங்க சமூகம்' என்றால் சாதி என்று பொருள். 'சமூகக் குழுக்களும் பள்ளிகளும் இணைந்து' என்ற வரியைச் சாதிச் சங்கம் சீருடை வழங்கும் விழாவாகப் படிக்க எல்லா வாய்ப்பும் உண்டு. அங்கே குறிக்கப்படுவது உணவு வங்கி, தேவாலயம், நூலகம், காப்பகம், பல் மருத்துவர் சங்கம் போன்றவை. ஒவ்வொரு கல்வி மாவட்டத்திலும் இதற்கென்றே ஒரு தொடர்பு அலுவலர் இருக்க வேண்டும் என்பது சட்டம். வார இறுதிக்கென்று வெள்ளிக்கிழமை பையில் போட்டுக் கொடுக்கும் உணவு முதல் அம்மாவுக்கு வாடகை முன்பணம் வரை, யாரிடம் எது கிடைக்கும் என்று தேடிச் சேர்த்துவைப்பது அவர் வேலை. உணவு வங்கி முதலான அந்தக் 'குரூப்ஸ்'களை 'உள்ளூர் அமைப்புகள்' என்று எழுதினால் யாரும் தப்பாகப் படிக்க மாட்டார்கள்.