குழாய்க்கிணறு அடிச்சதைப் பாத்தவங்களுக்கு இது புரியும்

ஓமான் எண்ணெய் வயல்ல வேலை பாக்குற நான் லீவுல ஹட்டன் பக்கம் வீட்டுக்கு வந்திருந்தப்ப தோட்டத்துக் கோயிலுக்குப் பின்னால குழாய்க்கிணறு அடிச்சாங்க, பெரிய கம்ப்ரசர் வச்சு, கல்லு மாவு பறந்து லயத்துல காயப்போட்ட துணியெல்லாம் வெள்ளை, பொம்பளைங்க திட்டின திட்டு தனிக்கதை. 180 அடியில தூசி நின்னு சேறு தெறிச்சுது, அப்புறம் தண்ணி பீச்சி அடிச்சுது. பக்கத்துல நின்ன மச்சான், "நீங்க ஓமான்ல பண்றதும் இதானா மச்சான்?"னு கேட்டாரு.

பாதி அதேதாங்க. காத்தை அடிச்சுத் தோண்டுறதால குழிக்குள்ள அழுத்தம் கம்மி, அதான் பாறையில இருக்கிற தண்ணி தானா உள்ள வருது. எண்ணெய் வயல்ல இதுக்கு அண்டர்பேலன்ஸ்டு ட்ரில்லிங்னு பேரு. வழக்கமா அங்க மட்னு சொல்ற கனமான சேத்துக் கலவையை ஊத்தி எண்ணெய், கேஸ் மேல வராம அமுக்கி வச்சுத்தான் தோண்டுவாங்க. ஆனா பல வருசமா உறிஞ்சி அழுத்தம் விழுந்துபோன வயல்ல அது சரிவராது. சும்மா நல்ல தண்ணியே ஆழம் ஒவ்வொரு அடிக்கும் 0.433 பிஎஸ்ஐ (அழுத்தத்தோட அளவு) அமுக்கும், 10,000 அடின்னா 4,330. கீழ பாறையில மிச்சம் 2,500 தான்னா மட் உள்ள ஓடி எண்ணெய் வர்ற வழியை அடைச்சிரும், பைப்பும் சுவத்தோட ஒட்டிக்கும். அதனால மட்டுல நைட்ரஜன் கலந்து லேசாக்கி, கிணறு எண்ணெய் தந்துக்கிட்டே இருக்கும்போதே தோண்டுறோம். வெறும் காத்து ஏன் விடுறதில்லைன்னா, ஆக்ஸிஜனும் கேஸும் சேந்தா கிணத்துக்குள்ளயே தீப்பிடிக்கும்.

புதுப் பசங்க அசந்துபோறது, ஆழம் போகப் போக மேல அடுத்த பைப் சேக்குற நேரத்துலதான். அதுக்காக பம்பை நிறுத்தின உடனே கேஸ் மேலயும் திரவம் கீழயுமா பிரியும், மறுபடி போட்டா அழுத்தம் எகிறும். மத்த கிணத்துல சுவத்துல மட் படிஞ்சு ஒரு தோல் மாதிரி காப்பாத்தும், இதுல அந்தத் தோலே கிடையாது, எகிறின அழுத்தத்துல மட் நேரா பாறைக்குள்ள போய் அடைச்சிரும். ஒரு ராத்திரி ஷிப்டுல, எந்தக் கம்பெனின்னு வேணாம், சேக்குற வேலை இழுத்துக்கிட்டே போச்சு, பம்பை அவசரமாப் போட்டாங்க, விடியறப்ப எண்ணெயையும் கேஸையும் பிரிக்கிற செப்பரேட்டர்ல வர்ற எண்ணெய் பாதியாயிருச்சு. பத்து நாளா பாத்துப் பாத்துத் தோண்டினது, நானும் அங்கதான் நின்னேன், கையைப் பிசைஞ்சுக்கிட்டு.

அதவிட முக்கியம் உசுரு. கிணறு ஓடிக்கிட்டிருக்கும்போதே வேலை பாக்குறோம், கிணத்துத் தலைப்புல பைப்பைச் சுத்தி அடைச்சு அதோடவே சுத்துற ரப்பர் தேஞ்சா கேஸ் நேரா நாங்க நிக்கிற ரிக் தளத்துக்கு வரும். அதுல இருக்கக்கூடிய ஹைட்ரஜன் சல்பைடுங்கிற விஷ வாயு முதல்ல அழுகின முட்டை நாத்தம் அடிக்கும், 100 பிபிஎம் (காத்துல பத்து லட்சத்துக்கு 100 பங்கு) பக்கம் போனா மூக்கு மரத்து நாத்தமே தெரியாது, போயிருச்சுன்னு நினைக்காதீங்க. நைட்ரஜனுக்கு வாசமே இல்ல, மூச்சு முட்டுற மாதிரியும் தெரியாது, அடைஞ்ச இடத்துல ஆள் அப்படியே சாஞ்சிருவான்.

மச்சான் மகன் இப்ப ரிக் வேலைக்கு ஏஜென்சியில பேர் குடுத்திருக்கான். இறங்கின முதல் நாளே காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு காட்டுற காத்துப் பை எங்க தொங்குதுன்னு பாத்து வைடா, அலாரம் அடிச்சா காத்துக்குக் குறுக்கால விலகி அப்புறம் காத்து வர்ற பக்கமா ஏறு, விழுந்தவனைத் தூக்க மாஸ்க் போடாம ஓடாதேன்னு சொல்லியிருக்கேன்.