பழைய லேப் ஸ்டீல் கிட்டார்: முதலில் மீட்டர் வையுங்கள், பிறகு விலை பேசுங்கள்

கோட்டுவாத்தியம் கேட்டவர்களுக்கு லேப் ஸ்டீலைப் பற்றி நீட்டி விளக்க வேண்டியதில்லை. கருவி மடியில் படுத்திருக்கும். இடக்கை ஒரு எஃகு உருளையைக் கம்பிகள் மேல் வழுக்கிச் செல்லும், வலக்கை மீட்டும். பலகையில் தெரியும் கோடுகள் கண்ணுக்கு வழிகாட்ட மட்டுமே. கம்பி எந்த இடத்திலும் பலகையைத் தொடாது. ஹவாயில் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜோசப் கெகுகு தொடங்கிவைத்ததாகச் சொல்லப்படும் இந்த முறைதான் மின்சார கிட்டாருக்கே வாசல் திறந்தது. 1932இல் விற்பனைக்கு வந்த ரிக்கன்பேக்கரின் 'ஃப்ரையிங் பேன்' ஒரு லேப் ஸ்டீல்.

அதன் பிறகு இருபத்தைந்து ஆண்டுகள் அமெரிக்காவில் இந்தக் கருவி வீடு வீடாகப் போனது. கிளீவ்லாந்தின் ஓவாஹு நிறுவனம் பாடத்தையும் கருவியையும் சேர்த்தே விற்றது. மாணவர்களுக்காகச் செய்த அந்தக் கருவிகள் இன்றும் ஏராளமாகச் சந்தைக்கு வருகின்றன. சில நூறு டாலருக்கே நல்லது கிடைக்கும், அதே விலைக்கு வெறும் பலகையும் கிடைக்கும். இரண்டும் புகைப்படத்தில் ஒரே மாதிரிதான் இருக்கும்.

இந்தக் கருவியில் வளைகிற கழுத்து, தேய்கிற ஃப்ரெட் (பலகையில் பதித்த உலோகக் கட்டை) என்ற தொல்லைகள் இல்லை. மரத்தில் கீறல், பெயின்ட் உரிந்தது, ஓரத்தில் நசுங்கியது இவை எதுவும் ஒலியைத் தொடுவதில்லை. மதிப்பு முழுக்க, கம்பியின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் பிக்கப்பில் இருக்கிறது. அதனால்தான் திருட்டும் அங்கேதான் நடக்கிறது. அமெரிக்க கிட்டார் கலைஞர் ரை கூடர் தன் ஃபென்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிட்டாரில் வால்கோ நிறுவனத் தயாரிப்பான லேப் ஸ்டீல் பிக்கப்பைப் பொருத்தி வாசித்ததிலிருந்து அந்தப் பிக்கப்புக்குத் தனிச் சந்தையே உருவாகிவிட்டது. நல்ல சூப்ரோ, ஓவாஹு கருவிகளைப் பிரித்துப் பிக்கப்பைத் தனியே விற்கிறார்கள். மிஞ்சிய உடலில் ஏதோ ஒரு மலிவுப் பிக்கப்பை வைத்து அதையும் 'வின்டேஜ்' என்று தள்ளிவிடுகிறார்கள். பிக்கப்பின் உலோக மூடிக்குக் கீழே புதிதாகக் குடைந்த வெளிர்நிற மரம் தெரிந்தாலோ, பழைய திருகுத் துளைகள் காலியாக இருந்தாலோ அந்தக் கருவியை விட்டுவிடுங்கள்.

பிக்கப் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க ஒரு சாதாரண மல்ட்டிமீட்டர் போதும். ஜாக்கில் ஒரு கேபிளைச் செருகி, வால்யூமையும் டோனையும் முழுக்கத் திறந்து, கேபிளின் மறுமுனையில் நுனிக்கும் உடலுக்கும் இடையே மின்தடையை அளவிட வேண்டும். வேலை செய்யும் சுருள் பெரும்பாலும் சில கிலோ ஓமிலிருந்து பத்து கிலோ ஓமுக்குள் காட்டும். மீட்டர் 250 அல்லது 500 கிலோ ஓம் அருகே காட்டினால் ஏமாறாதீர்கள். அது வால்யூம் கன்ட்ரோலின் தடை மட்டுமே. உள்ளே சுருள் அறுந்துவிட்டது. முடியைவிட மெல்லிய செம்புக் கம்பி அது. அறுந்ததைத் திரும்பச் சுற்றித்தரும் ஆட்கள் இருக்கிறார்கள், ஆனால் அந்தச் செலவை விலையில் கழித்துக்கொள்ளுங்கள். எண் எதுவும் அசையாமல் நின்றால் ஜாக்கிலோ கேபிளிலோ இணைப்பு விட்டிருக்கலாம், அது சின்ன வேலை. குமிழைத் திருப்பும்போது கரகரப்பு வந்தால் கன்ட்ரோலுக்குள் கான்டாக்ட் கிளீனர் இரண்டு சொட்டு அடித்து முப்பது முறை திருப்பினால் பெரும்பாலும் போய்விடும். அதற்காகப் பழைய கன்ட்ரோலைக் கழற்றி எறியாதீர்கள்.

ரிக்கன்பேக்கர் பிக்கப்பில் உள்ள குதிரைலாடக் காந்தத்தைக் கழற்றிப் பார்க்கும் ஆசையும் வேண்டாம். இரண்டு லாடங்களையும் எடுத்துத் தனித்தனியே வைத்தால் காந்த வலு குறையும். பிறகு மீண்டும் காந்தமேற்றும் வசதி உள்ள இடத்தைத் தேடி அலைய நேரிடும்.

அடுத்து அளவு. பெரும்பாலான மின்சார லேப் ஸ்டீல்களில் நட்டுக்கும் (தலைப்பக்கம் கம்பியைத் தாங்கும் கட்டை) பிரிட்ஜுக்கும் (மறுமுனையில் தாங்கும் கட்டை) இடையே 22½ அங்குலம் இருக்கும். அப்படியானால் நட்டிலிருந்து 12ஆம் கோடு சரியாக 11¼ அங்குலத்தில், சுமார் 286 மி.மீ. தொலைவில் விழ வேண்டும். கம்பியை அழுத்தி வாசிப்பதில்லை என்பதால் ஈடுகட்டும் கணக்கு எதுவும் இங்கே இல்லை. பாதி என்றால் பாதிதான். ஆனால் பழைய பிளாஸ்டிக் பலகைகள் சுருங்கும். 12ஆம் கோடு 2 மி.மீ. தள்ளிப்போனாலே அரைச்சுரத்தில் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு பிசகும். தேர்ந்த காது அதைச் சமாளிக்கும். கோட்டைப் பார்த்துப் பழகும் புதியவருக்கோ, ஏன் சுருதி சேரவில்லை என்றே புரியாது. 12ஆம் கோட்டுக்கு நேர் மேலே விரலைப் பட்டும் படாமலும் வைத்து மீட்டுங்கள். மணி போன்ற ஒலி அந்த இடத்திலேயே தெளிவாகக் கேட்டால் சரி. விரலை நகர்த்தினால்தான் கேட்கிறது என்றால் பலகையோ பிரிட்ஜோ இடம் மாறியிருக்கிறது.

கம்பிகள் ஆறும் ஒரே சமதளத்தில் கிடக்கின்றனவா என்பது இன்னொரு முக்கியச் சோதனை. எஃகு உருளையை 5ஆம் கோட்டின் மேலும் 12ஆம் கோட்டின் மேலும் எடை போடாமல் வைத்து, எதிரே வெளிச்சம் வைத்துப் பாருங்கள். ஏதாவது ஒரு கம்பிக்கும் உருளைக்கும் நடுவே ஒளிக்கீற்று தெரிந்தால் அந்தக் கம்பி கரகரக்கும். நட்டை யாராவது ராவியிருக்கலாம், உடல் முறுக்கிக்கொண்டிருக்கலாம். நட்டை மாற்றிவிடலாம், முறுக்கை நிமிர்த்த முடியாது. சாதாரண ஸ்பானிஷ் கிட்டாரில் நட்டை மட்டும் உயர்த்தி 'ஹவாயன் கிட்டார்' என்று விற்கப்படுபவற்றில் பிரிட்ஜ் வளைவாகவே இருப்பதுண்டு. அதில் உருளை ஒருபோதும் ஆறு கம்பிகளிலும் ஒன்றாகப் படியாது.

ட்யூனிங் சாவிகளின் பிளாஸ்டிக் குமிழ்கள் கையில் எடுத்ததும் பொடிந்து விழும். பயப்பட வேண்டாம், தண்டு நேராக இருந்தால் மாற்றுக் குமிழ்கள் மலிவாகக் கிடைக்கும். பல் தேய்ந்து கம்பி வழுக்கினால்தான் சிக்கல். மூன்று சாவிகள் ஒரே தகட்டில் வரும் பழைய வகைக்குப் புதிய தகடு வாங்கும் முன், தண்டுகளுக்கு இடையிலுள்ள தூரத்தை மி.மீ. கணக்கில் அளந்துகொள்ளுங்கள். புதியவை பழைய துளைக்குப் பொருந்தாமல் போவது அடிக்கடி நடக்கிறது. உடனே துளையைப் பெரிதாக்கிவிடுகிறார்கள், கருவியின் விலையும் அங்கேயே இறங்கிவிடுகிறது.

முத்துச்சிப்பி போல மினுமினுக்கும் மேல்தாள் ஒட்டிய கருவிகள் பலவற்றில் அந்தத் தாள் செல்லுலாய்டு. இது மூப்படையும்போது அமில ஆவியை விடும். பெட்டியைத் திறந்ததும் மூக்கைக் குத்தும் வாடை வந்து, பக்கத்து உலோகம் பச்சை பூத்திருந்தால் சிதைவு தொடங்கிவிட்டது என்று பொருள். அப்படிப்பட்ட கருவியை மூடிய பெட்டியில் வைக்காமல் காற்றாட வைக்க வேண்டும். செல்லுலாய்டு மிக எளிதில் தீப்பற்றும். பற்றவைப்பு இரும்பை அதன் பக்கத்தில் கொண்டுபோகும்போது எச்சரிக்கை தேவை.

தயாரித்த ஆண்டைப் பற்றி விற்பவர் சொல்வதை நம்ப வேண்டியதில்லை. பின்தகட்டைத் திறந்தால் வால்யூம் கன்ட்ரோலின் உலோக முதுகில் எண் பொறித்திருக்கும். 304 என்று தொடங்கினால் அதைச் செய்தது ஸ்டாக்போல் நிறுவனம், 137 என்றால் சிடிஎஸ் நிறுவனம். அதற்கடுத்து ஆண்டு, கடைசி இரண்டு இலக்கம் வாரம். 304612 என்றால் 6இல் முடியும் ஓர் ஆண்டின் 12ஆம் வாரம். அது 1946ஆ 1956ஆ என்பதை மாடலை வைத்து முடிவுசெய்ய வேண்டும். பிற்காலத்தில் ஆண்டுக்கு இரண்டு இலக்கம் வந்ததால் 3045912 என்பதில் குழப்பமில்லை: 1959. இந்தத் தேதி கன்ட்ரோல் செய்யப்பட்ட தேதி, கருவி அதற்குப் பிறகுதான் கூடியிருக்கும். ஈயப் பற்றவைப்பு பளபளவென்று புதிதாக இருந்தால் கன்ட்ரோலே பிற்பாடு மாற்றப்பட்டது, எண்ணால் பயனில்லை.

எதை வாங்குவது? முதல் கருவிக்கு ஆறு கம்பி போதும். வால்கோ செய்த சூப்ரோ, நேஷனல் அல்லது ஓவாஹு, கிப்சனின் பிஆர்-9, மேக்னடோன், ஃபென்டரின் சாம்பியன் இவற்றில் எது நல்ல நிலையில் முதலில் கிடைக்கிறதோ அதை எடுங்கள். 1949இல் வந்த சாம்பியனின் பிக்கப்பிலிருந்துதான் ஃபென்டரின் டெலிகாஸ்டர் கிட்டாரின் பிரிட்ஜ் பிக்கப் பிறந்தது, ஒலியிலும் அந்தச் சொந்தம் தெரியும். வால்கோ கருவிகள் கொஞ்சம் முரட்டுத்தனமாக, தடித்த குரலில் பாடும். ரிக்கன்பேக்கரின் பேக்கலைட் (பழைய வகைக் கெட்டிப் பிளாஸ்டிக்) மாடலைத் தேடி அலையாதீர்கள். ஒலி அற்புதம்தான், ஆனால் விலை ஆயிரம் டாலரைத் தாண்டும், கீழே விழுந்தால் பீங்கான் மாதிரி உடையும். வாங்கத்தான் போகிறீர்கள் என்றால் கழுத்து சேரும் இடத்தில் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று விளக்கைச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். அலுமினிய ஃப்ரையிங் பேன் சூட்டில் சுருதி கலையும். வெய்சன்போர்ன் போன்ற மர ஒலிப்பெட்டிக் கருவி தனி உலகம். கழுத்துவரை உள்ளீடற்ற அந்த உடம்பில் தடித்த கம்பியை இறுக்கிக் கட்டினால் மேல்பலகை தூக்கிக்கொள்ளும்.

இனி சொல்லப்போவதைத் தயவுசெய்து இரண்டு முறை படியுங்கள். பழைய லேப் ஸ்டீல் பெரும்பாலும் அதே நிறத்தில் ஒரு சின்ன ஆம்ப்போடு (ஒலியைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபயர்) ஜோடியாக விற்கப்படும். அழகாக இருக்கும். அதை அப்படியே பிளக்கில் மாட்டக் கூடாது.

அந்த ஆம்ப் அமெரிக்காவின் 117 வோல்ட்டுக்குச் செய்தது. நம் 230 வோல்ட்டில் மாட்டினால் எரிந்துபோகும் என்பது பலருக்கும் தெரியும். தெரியாதது இதுதான்: மலிவான சில ஆம்ப்களில் மெயின் டிரான்ஸ்ஃபார்மரே கிடையாது. வால்வுகளின் (கண்ணாடிக் குழாய்களின்) இழைகளை வரிசையாக இணைத்து நேரே மின்சாரத்தில் கோத்திருப்பார்கள். வால்வின் மேல் அச்சடித்த எண்ணைப் படியுங்கள். முதலில் வரும் எண் இழையின் வோல்ட். 50எல்6, 35இசட்5, 50சி5, 35டபிள்யூ4 என்று 35, 50இல் தொடங்கும் வால்வுகள் இருந்தால் அது டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத வகை. 6வி6, 5ஒய்3 என்று இருந்தால் டிரான்ஸ்ஃபார்மர் உண்டு. முதல் வகையில் இரண்டு முள் பிளக்கைத் திருப்பி மாட்டினால் ஆம்ப்பின் உலோகச் சட்டத்துக்கே மின்சாரம் வரும். சட்டத்திலிருந்து கேபிளின் உறை, உறையிலிருந்து பிரிட்ஜ், பிரிட்ஜிலிருந்து கம்பி. லேப் ஸ்டீல் வாசிப்பவரின் இடக்கையில் எஃகு உருளை, வலக்கை விரல்களில் உலோக நகங்கள். மற்ற கிட்டார்காரரைவிட இவர் கம்பியோடு அதிகம் ஒட்டியிருக்கிறார். ஈரத் தரையில் வெறுங்காலோடு உட்கார்ந்திருந்தால் உயிர் போகும்.

கடையில் வாங்கும் ஸ்டெப்-டவுன் கன்வர்ட்டர் வோல்ட்டைக் குறைக்குமே தவிர இந்த ஆபத்தைக் குறைக்காது. அவற்றில் பெரும்பாலானவை ஆட்டோ டிரான்ஸ்ஃபார்மர்; உள்ளே இரண்டு பக்கமும் ஒரே சுருளில் இணைந்திருக்கும். தனித்தனிச் சுருள் கொண்ட ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர்தான் தேவை. டிரான்ஸ்ஃபார்மர் உள்ள ஆம்ப்பிலும் மெயினிலிருந்து சட்டத்துக்கு ஒரு கண்டென்சர் போயிருக்கும். அதை எடுத்துவிட்டு, எர்த் உள்ள மூன்று முள் கம்பி போட்டு, பழைய ஃபில்டர் கண்டென்சர்களை மாற்றிய பிறகே தொடுங்கள். வால்வு ஆம்ப் தெரிந்த மெக்கானிக்கிடம் கொடுத்துச் செய்ய வேண்டிய வேலை இது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே மின்னேற்றம் நிற்கும். கற்றுக்கொள்ளும் காலத்துக்கு இன்றைய எந்தச் சின்ன ஆம்ப்பும் போதும். பழைய ஆம்ப் அலமாரியில் காத்திருக்கட்டும்.

இன்னும் சில கருவிகளில் இன்றைய ஜாக்குக்குப் பதிலாக மைக் போலத் திருகும் இணைப்பு இருக்கும். அதற்கு அடாப்டர் உண்டு. ஜாக் போட உடலைத் துளையிட வேண்டாம்.

கடல் கடந்து வருவதாக இருந்தால், விற்பவரிடம் மூன்றை எழுதிக் கேளுங்கள். மீட்டர் எண் தெரியும் படம், பின்தகடு திறந்த படம், ஆறு கம்பியையும் ஒவ்வொன்றாக மீட்டும் காணொளி. இதற்குத் தயங்குபவரிடம் வாங்க வேண்டாம். பலகை பிரேசில் ரோஸ்வுட்டா என்றும் கேளுங்கள். 1992 முதல் அந்த மரம், அழியும் உயிரினங்களின் வர்த்தகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் முதல் பட்டியலில் இருக்கிறது, அனுமதிச் சீட்டு இல்லாமல் வந்தால் சுங்கத்தில் நின்றுவிடும். கம்பியை இரண்டு சுரம் தளர்த்தி, எஃகு உருளையைப் பெட்டிக்கு வெளியே தனியாகச் சுற்றி அனுப்பச் சொல்லுங்கள். பெட்டிக்குள் உருண்ட உருளை பேக்கலைட்டையும் பலகையையும் உடைத்துவிடும். பார்சல் வந்ததும் ஒரு நாள் முழுக்கப் பிரிக்காமல் வைத்திருங்கள். குளிரில் வந்த பழைய லாக்கர் பூச்சு, திடீரென்று சூடு பட்டால் வலைபோல வெடிக்கும்.

கடைசியாகக் கம்பி. சாதாரண கிட்டார் செட்டைப் போட்டுவிட்டுத் தொளதொளக்கிறது என்று கருவியைக் குறைசொல்பவர்கள் நிறைய. 22½ அங்குலத்தில் சி6 ட்யூனிங்குக்கு, உச்சக் கம்பியிலிருந்து இ, சி, ஏ, ஜி, இ, சி என்று இறங்கும்போது 0.015, 0.018, 0.022, 0.024, 0.030, 0.036 அங்குலத் தடிமன் நன்றாக உட்காரும். புதுக் கம்பி இழுபட்டு நிற்க இரண்டு மூன்று நாள் ஆகும். அதற்கு மேலும் ஒரே ஒரு கம்பி மட்டும் இறங்கிக்கொண்டே இருந்தால், அந்தச் சாவியின் பல்சக்கரத்தைப் பிடித்திருக்கும் திருகை ஒரு கால் சுற்று முடுக்கிப் பாருங்கள்.