குப்பை என்று அழித்துவிட்டு ஓடி வராதீர்கள்

மறுபடியும் ஒரு டேலி ஃபோல்டர், கடைக் கணக்கு எழுதும் சாஃப்ட்வேருடையது. பெங்களூரு அல்சூர் பக்கம் கடை வைத்திருப்பவருடைய லேப்டாப். சி டிரைவ் நிரம்பி அதன் கோடு சிவப்பானதும் வீட்டுப் பையன் உட்கார்ந்து சுத்தம் செய்திருக்கிறான். ஒரு மூலையில் 10000, 10001 என்று வெறும் எண்ணைப் பெயராகக் கொண்ட இரண்டு ஃபோல்டர்கள் கிடந்திருக்கின்றன. உள்ளே இருந்த ஃபைல்களைக் கிளிக் செய்தால் எதுவும் திறக்கவில்லை. குப்பைதான் என்று முடிவு கட்டி ஷிஃப்ட் டெலிட் கொடுத்துவிட்டான். டேலி ஒவ்வொரு கம்பெனியின் கணக்கையும் இப்படி எண் பெயர் வைத்த ஃபோல்டரில்தான் வைக்கும். பல வருட வரவு செலவு, ஜிஎஸ்டி பில், பாக்கிப் பட்டியல் எல்லாம் அந்த இரண்டு ஃபோல்டரில்தான் இருந்தன. பேக்கப் கிடையாது. எதையும் மீட்க முடியவில்லை.

இவர் ஒருவர் மட்டும் என்றால் இதை எழுதியிருக்க மாட்டேன். எஸ்.பி. ரோடு சந்துகளில் எந்த சர்வீஸ் கடையில் கேட்டாலும் இதே சங்கதிதான் சொல்வார்கள். அழித்தால் ஒன்றும் ஆகாத பத்து இருபது ஜிபி அப்படியே இருக்கும். பயந்துபோய் அதைத் தொட மாட்டார்கள். கை போவதெல்லாம் தொடவே கூடாத இடத்துக்கு.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு நம்பிக்கை இருக்கிறது: "டெலிட் ஆனா என்ன சார், ரெக்கவரி சாஃப்ட்வேர் போட்டா வந்துடுமே." தயவுசெய்து இந்த எண்ணத்தை விட்டுவிடுங்கள். பழைய ஹார்ட் டிஸ்க் காலத்தில் இது ஓரளவு உண்மை. அங்கே டெலிட் என்பது வீட்டு வாசலில் பெயர்ப்பலகையைக் கழற்றுவது மாதிரி. ஆள் உள்ளேதான் இருப்பார், அந்த இடத்தில் வேறு ஃபைல் வந்து உட்காரும் வரை தேடிப் பிடித்துவிடலாம். இன்று வரும் லேப்டாப்பில் இருப்பது எஸ்எஸ்டி, சுழலும் தட்டு இல்லாமல் சிப்பில் சேமிக்கும் டிஸ்க். ஒரு ஃபைலை நிரந்தரமாக அழித்த உடனேயே, இந்த இடம் இனி தேவையில்லை என்று விண்டோஸ் எஸ்எஸ்டிக்குச் சொல்லிவிடும். இதற்கு டிரிம் என்று பெயர். விண்டோஸ் 7 காலத்திலிருந்தே இருக்கிறது. அதற்குப் பிறகு அந்த இடத்தைப் படித்தால் பெரும்பாலும் வெறும் பூஜ்யம்தான் வரும். எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய ரெக்கவரி சாஃப்ட்வேரும் பூஜ்யத்திலிருந்து கணக்குப் புத்தகத்தை வரவழைக்க முடியாது. டேட்டா மீட்கும் லேபுக்கு அனுப்பினாலும் பெரும்பாலும் இதே பதில்தான் வரும். ரெக்கவரி சாஃப்ட்வேர் ஃபைல் பெயரைப் பட்டியலில் காட்டும், ஏன், அளவுகூடச் சரியாகக் காட்டும். பணம் கட்டி மீட்டுத் திறந்தால் உள்ளே ஒன்றும் இருக்காது. பெயர் இருக்கும் இடம் வேறு, ஃபைல் இருக்கும் இடம் வேறு. பட்டியலில் பெயரைப் பார்த்துவிட்டுப் பணம் கட்டாதீர்கள்.

ரீசைக்கிள் பின் இருக்கிறதே என்பீர்கள். ஷிஃப்ட் டெலிட் அதைத் தாண்டிப் போய்விடும். பென் டிரைவிலிருந்து அழித்தால் பொதுவாக அங்கே போகாது. ரீசைக்கிள் பின்னுக்கு ஒதுக்கிய அளவைவிடப் பெரிய வீடியோவும் போகாது. நிரந்தரமாக அழிக்கவா என்று ஒரு வரி கேட்கும், நாம் படிக்காமல் எஸ் கொடுத்துவிடுவோம்.

அடுத்தது கிளீனர் சாஃப்ட்வேர்கள். ஆயிரக்கணக்கில் ஜங்க் ஃபைல் இருக்கிறது, ரெஜிஸ்ட்ரியில் நூற்றுக்கணக்கில் தப்பு இருக்கிறது என்று சிவப்பு எழுத்தில் காட்டிப் பயமுறுத்துவதுதான் பலவற்றின் வியாபாரம். ரெஜிஸ்ட்ரி என்பது விண்டோஸ் தன் அமைப்புகளைக் குறித்து வைக்கும் பதிவேடு, அதில் பழைய வரிகள் இருப்பதால் கம்ப்யூட்டர் மெதுவாகாது. அதைச் சுத்தம் செய்கிறேன் என்று எதையாவது பிடுங்கினால்தான் பிரச்சினை வரும். ரெஜிஸ்ட்ரி கிளீனர்களை ஆதரிப்பதில்லை என்று மைக்ரோசாஃப்ட் தெளிவாகவே சொல்லியிருக்கிறது. 2017இல், உலகம் முழுக்கப் பயன்பட்ட சிசிகிளீனரின் 5.33 பதிப்புக்குள் யாரோ தீய நிரலை நுழைத்து, அது சுமார் 22 லட்சம் கம்ப்யூட்டர்களில் போய் உட்கார்ந்தது. சுத்தம் செய்யப் போட்ட சாஃப்ட்வேர் வழியாகவே அது வந்தது. விண்டோஸுக்குள்ளேயே சுத்தம் செய்யும் வசதி இருக்கும்போது வெளியே தேடுவது எதற்கு?

கம்ப்யூட்டர் மெதுவாக ஓடுகிறது என்பதற்காகச் சுத்தம் செய்கிறவர்களுக்கு ஒன்று. டெம்ப் என்னும் தற்காலிக ஃபைல்கள் சும்மா கிடப்பதால் வேகம் குறையாது. டிரைவ் கிட்டத்தட்ட நிரம்பிவிட்டால் எஸ்எஸ்டி திணறும், அப்டேட் நிற்கும், அது உண்மை. மற்றபடி 4 ஜிபி ரேமில் முப்பது குரோம் டேப், ஆன் செய்தவுடன் தானாக எழும் பத்து புரோகிராம், இன்னும் பழைய ஹார்ட் டிஸ்க்கிலேயே ஓடும் விண்டோஸ் இவைதான் காரணம். கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரில் ஸ்டார்ட்அப் பகுதியைப் பாருங்கள். தேவையில்லாததை டிஸேபிள் செய்யுங்கள். எந்தக் கிளீனரும் இதைவிட நல்ல பலன் தராது.

இன்னொரு சந்தேகமும் தினமும் வரும்: 256 ஜிபி என்று விற்றார்கள், 238தான் காட்டுகிறது, மீதியை எந்தக் குப்பை தின்றது? எந்தக் குப்பையும் இல்லை. கம்பெனி ஒரு ஜிபியை நூறு கோடி பைட் என்று கணக்கிடுகிறது. விண்டோஸ் 1024ஐ மூன்று முறை பெருக்கி வரும் எண்ணைக் கணக்கிடுகிறது. 500 ஜிபி டிஸ்க் 465 என்று தெரிவதும் அதனால்தான்.

சரி, இடத்தை உண்மையில் யார் பிடித்திருக்கிறார்கள் என்று முதலில் பாருங்கள். பார்க்காமல் அழிக்காதீர்கள். செட்டிங்ஸில் சிஸ்டம், அதில் ஸ்டோரேஜ். எந்த வகை எவ்வளவு என்று காட்டும். இன்னும் நுணுக்கமாகப் பார்க்க விஸ்ட்ரீ என்ற சிறு புரோகிராம், வீட்டு உபயோகத்துக்கு இலவசம். டிஸ்க்கின் ஃபைல் அட்டவணையை நேராகப் படிப்பதால் சில நொடிகளில் முடித்துவிடும். அதை அட்மினாகத் திறந்து, சி டிரைவை ஸ்கேன் செய்து, அளவு வாரியாக மேலிருந்து முதல் இருபது வரிகளைப் பாருங்கள். வீடுகளில் பெரும்பாலும் தென்படுவது இவைதான்: ஆன்லைன் கிளாஸ் காலத்து ஜூம் ரெக்கார்டிங்குகள் டாக்குமெண்ட்ஸுக்குள் ஜூம் என்ற ஃபோல்டரில்; போன் விற்று வருஷமாகியும் ஐடியூன்ஸ் வைத்திருக்கும் ஐபோன் பேக்கப்; வாட்ஸ்அப் தானாக இறக்கி வைத்த குட் மார்னிங் வீடியோக்கள்; ஒரே கல்யாண வீடியோ மூன்று இடத்தில். இந்த புரோகிராமிலேயே டெலிட் அழுத்த வேண்டாம். இடத்தைக் கண்டுபிடிக்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அழிப்பது ஃபைல் எக்ஸ்புளோரரில், திறந்து பார்த்த பிறகு.

தைரியமாக அழிக்கக்கூடியது: ஸ்டோரேஜ் பக்கத்திலேயே டெம்பரரி ஃபைல்ஸ் என்று இருக்கும். அதற்குள் விண்டோஸ் அப்டேட் கிளீனப், டெலிவரி ஆப்டிமைசேஷன் ஃபைல்கள், தம்ப்நெயில்கள் மூன்றையும் டிக் செய்யலாம். ப்ரீவியஸ் விண்டோஸ் இன்ஸ்டலேஷன் என்று பத்து இருபது ஜிபி காட்டினால், அது புதிய பதிப்புக்கு மாறியபோது ஒதுக்கி வைத்த பழைய விண்டோஸ். பழையபடி திரும்பிப் போக வேண்டுமென்றால் பொதுவாகப் பத்து நாள் அவகாசம், பிறகு அதுவே போய்விடும். பிரிண்டர் உட்பட எல்லாம் சரியாக ஓடுகிறது என்றால் முன்னாலேயே அழிக்கலாம்.

அதே பட்டியலில் டவுன்லோட்ஸ் என்றும் ஒரு பெட்டி இருக்கும். அதைத் தொடாதீர்கள்! அது டெம்பரரி பட்டியலில் இருப்பதாலேயே குப்பை என்று நினைத்து டிக் செய்கிறார்கள். அங்கே அழிந்தது ரீசைக்கிள் பின்னுக்குப் போகாது. நம் வீடுகளில் டவுன்லோட்ஸ்தான் பீரோ. ஆதார், ஃபார்ம் 16, பிள்ளைகளின் மார்க் ஷீட், அலைந்து வாங்கிய இ-கத்தா என்னும் சொத்துப் பதிவுச் சான்று, எல்லாம் டவுன்லோடு ஆன இடத்திலேயே வருஷக்கணக்கில் கிடக்கும். டாக்குமெண்ட்ஸில் ஒரு ஃபோல்டர் போட்டு முதலில் அவற்றை அங்கே நகர்த்துங்கள். பிறகு டவுன்லோட்ஸைத் திறந்து, வகை வாரியாக அடுக்கி, இன்ஸ்டால் செய்து முடித்த செட்டப் ஃபைல்களையும், பிரித்தெடுத்துவிட்ட ஜிப்களையும் கையால் அழியுங்கள். ஸ்டோரேஜ் சென்ஸ் என்ற தானியங்கிச் சுத்தத்தை ஆன் செய்தாலும் டவுன்லோட்ஸுக்கு நேரே நெவர் என்றே இருக்கட்டும்.

விண்டோஸ் ஃபோல்டருக்குள் கை வைக்க வேண்டாம். விண்டோஸ் தன் பாகங்களை வைத்திருக்கும் வின்எஸ்எக்ஸ்எஸ் ஃபோல்டர் பார்ப்பதற்குப் பூதாகரமாகத் தெரியும். ஒரே ஃபைலை இரண்டு இடத்தில் கணக்குக் காட்டுவதால் வரும் தோற்றம், நிஜத்தில் அவ்வளவு இடம் பிடிப்பதில்லை. இன்ஸ்டாலர் ஃபோல்டரைக் காலி செய்தால் நாளைக்கு ஆபீஸை அப்டேட் செய்யவும் முடியாது, நீக்கவும் முடியாது. புரோகிராம்கள் சீக்கிரம் திறக்க உதவும் ப்ரீஃபெட்ச்சை அழிப்பதால் லாபம் ஒன்றுமில்லை, விண்டோஸ் திரும்ப எழுதிக்கொள்ளும். ரேமுக்குத் துணையாக விண்டோஸ் வைத்திருக்கும் பேஜ்ஃபைலை விட்டுவிடுங்கள். ஹைபர்ஃபில் என்பது மட்டும், ஹைபர்நேட் (திறந்திருக்கும் வேலையை டிஸ்க்கில் சேமித்துவிட்டு ஆஃப் ஆவது) பயன்படுத்தாதவர்களுக்கு வீண். 8 ஜிபி ரேம் உள்ள மெஷினில் ஏறக்குறைய 3 ஜிபி பிடிக்கும். அதைக் கையால் அழிக்க முயல வேண்டாம், ஹைபர்நேட்டை ஆஃப் செய்தால் தானே போய்விடும். கூடவே சீக்கிரம் ஆன் ஆக உதவும் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பும் போகும் என்பதைத் தெரிந்து செய்யுங்கள்.

அவுட்லுக் வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டும். ஓஎஸ்டி என்று முடியும் ஃபைல் சர்வரில் இருக்கும் மெயிலின் நகல், போனால் திரும்ப இறங்கும். பிஎஸ்டி என்று முடிவது மெயிலின் அசல். ஒரே எழுத்துதான் வித்தியாசம், பத்து வருஷ ஆபீஸ் கடிதப் போக்குவரத்து அதில் இருக்கும். குரோமில் ஹிஸ்டரி கிளியர் செய்யும்போதும் பாஸ்வேர்ட்ஸ் என்ற பெட்டியைப் பாருங்கள். டிக் ஆகியிருந்து சிங்க்கும் ஆனில் இருந்தால், போனில் இருக்கும் பாஸ்வேர்டும் சேர்ந்து போகும்.

மைக்ரோசாஃப்டின் இணையச் சேமிப்பான ஒன்டிரைவ் இப்போது பெரிய தலைவலி. புது லேப்டாப்பை ஆன் செய்யும்போதே டெஸ்க்டாப், டாக்குமெண்ட்ஸ், பிக்சர்ஸ் மூன்றும் ஒன்டிரைவுக்குள் போய்விடுவது வழக்கமாகிவிட்டது. கிளவுடில் ஒரு காப்பி இருக்கிறதே என்று லேப்டாப்பில் அழிப்பார்கள். அழித்தால் கிளவுடிலும் அழியும். அது காப்பி இல்லை, ஒரே ஃபைல் இரண்டு இடத்தில் தெரிகிறது, அவ்வளவுதான். இடம் மட்டும் வேண்டுமென்றால் ஃபோல்டரில் ரைட் கிளிக் செய்து ஃப்ரீ அப் ஸ்பேஸ் கொடுங்கள். தவறி அழித்திருந்தால் ஒன்டிரைவ் இணையதளத்தில் உள்ள ரீசைக்கிள் பின்னில் 30 நாள் இருக்கும். கூகுள் டிரைவிலும் 30 நாள்; கூகுள் போட்டோஸில் பேக்கப் ஆன படங்கள் என்றால் 60 நாள். பதறி வேறு எதையும் செய்வதற்கு முன் அங்கே தேடுங்கள்.

பல வீடுகளில் அழிக்க வேண்டிய தேவையே இல்லை. சி டிரைவ் 256 ஜிபி எஸ்எஸ்டி மூச்சு முட்டிக்கொண்டிருக்கும், பக்கத்திலேயே 1 டிபி டி டிரைவ் காலியாகக் கிடக்கும். வீடியோஸ் ஃபோல்டரில் ரைட் கிளிக், ப்ராப்பர்ட்டீஸ், லொகேஷன், மூவ். இதில் ஒரு எச்சரிக்கை: முதலில் டி டிரைவில் வீடியோஸ் என்று ஒரு புது ஃபோல்டர் உண்டாக்கி, அதைத் தேர்ந்தெடுங்கள். வெறும் டி டிரைவையே காட்டிவிட்டால் டிரைவ் முழுவதுமே வீடியோஸ் ஃபோல்டராகிவிடும். பிறகு பிரித்தெடுப்பது பெரும்பாடு. சி டிரைவில் 30, 35 ஜிபி காலி இருந்தால் 256 ஜிபி மெஷினுக்குப் போதும்.

சுத்தம் தொடங்குவதற்கு முன் ஒரு எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் டாக்குமெண்ட்ஸ், போட்டோக்கள், டேலி டேட்டா இருக்கும் ஃபோல்டர் மூன்றையும் காப்பி செய்யுங்கள். டேலியில் எஃப்1 தகவல் பக்கத்திலோ கம்பெனி விவரத்திலோ டேட்டா எங்கே இருக்கிறது என்று தேடிப் பார்த்து எழுதி வையுங்கள். ஒவ்வொருவர் மெஷினிலும் ஒவ்வொரு இடம். காப்பி ஆனதும் டிஸ்க்கைக் கழற்றி பீரோவில் வையுங்கள். மாட்டியே வைத்திருந்தால், ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேர் வரும் அன்று அதுவும் சேர்ந்து பூட்டிக்கொள்ளும்.

தவறி அழித்துவிட்டீர்களா? உடனே மெஷினை ஆஃப் செய்யுங்கள். ரெக்கவரி சாஃப்ட்வேரை அதே டிரைவில் இன்ஸ்டால் செய்யாதீர்கள். ஹார்ட் டிஸ்க் என்றால் நீங்கள் தேடும் ஃபைல் மேலேயே அது ஏறி உட்காரும். எஸ்எஸ்டி என்றால் வாய்ப்பு மிகக் குறைவு, ஆன் செய்து வைத்திருக்கும் ஒவ்வொரு நிமிடமும் அந்தக் கொஞ்சமும் குறையும்.

சேலத்திலோ வேலூரிலோ அப்பா அம்மா தனியாக ஒரு கம்ப்யூட்டர் வைத்திருந்தால் அடுத்த முறை ஊருக்குப் போகும்போது இந்த வேலையை நீங்களே செய்துகொடுங்கள். உங்கள் கம்ப்யூட்டர் நிரம்பிவிட்டது, வைரஸ் வந்துவிட்டது, இந்த நம்பருக்குக் கூப்பிடுங்கள் என்று திரையில் வந்தால் கூப்பிடக் கூடாது என்று அவர்களிடம் அழுத்திச் சொல்லுங்கள். மைக்ரோசாஃப்ட் தன் எச்சரிக்கைகளில் போன் நம்பர் போடுவதே இல்லை. கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் அழுத்தி பிரவுசரை மூடச் சொல்லிக்கொடுங்கள். ஏற்கெனவே யாரையாவது ரிமோட்டில் உள்ளே விட்டுவிட்டால் முதலில் இன்டர்நெட்டைத் துண்டித்துவிட வேண்டும். பணம் போயிருந்தால் சைபர் குற்ற உதவி எண் 1930க்குப் போன் செய்து புகார் கொடுத்து, பேங்குக்கும் அன்றைக்கே சொல்ல வேண்டும்.