'அளவு சரியாத்தான் இருக்கு' என்றால், என்றைக்கு எடுத்த அளவு?

கிரஷருக்கும் கல்குவாரிக்கும் பக்கத்தில் குடியிருப்பவர்களுக்காக எழுதுகிறேன். சிரட்டையில் இறங்கும் ரப்பர் பால் மேல் சாம்பல் நிறத்தில் பொடி படிகிறது என்று புகார் கொடுத்த ஒருவருக்கு, நாலு மாதம் அலையவிட்டு ஓர் அலுவலகம் கொடுத்த பதில் ஒற்றை வரி: 'காற்றின் தரம் வரம்புக்குள் உள்ளது.' அவரும் நம்பி வீட்டுக்குப் போய்விட்டார். போயிருக்கக் கூடாது.

காற்று மாசுத் தடுப்புச் சட்டம் 1981-லிருந்து இருக்கிறது. 2009-ல் அறிவித்த தர அளவுப்படி, 10 மைக்ரானுக்கு (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) உட்பட்ட தூசி 24 மணி நேரச் சராசரியில் ஒரு கன மீட்டருக்கு 100 மைக்ரோகிராம் வரை போகலாம். 2.5 மைக்ரானுக்கு உட்பட்டது என்றால் 60. சட்டம் இவ்வளவு போதும்.

அளக்கிற முறையும் எளிதுதான். கருவி ஒரு கண்ணாடியிழைத் தாள் வழியாகக் காற்றை உறிஞ்சும். வெள்ளைத் தாள் கறுத்துவிடும். முன்னும் பின்னும் எடை போட்டுக் கழித்தால் தூசியின் எடை. கோளாறு கருவியில் அதிகம் இல்லை, அதை வைக்கிற நாளிலும் இடத்திலும்தான். நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்கு இரண்டு பருவமழை. மழை பெய்த மறுநாள் வைத்தால் காற்று சுத்தமாகத்தான் காட்டும். மேற்குக் காற்று வீசும்போது கிரஷருக்கு மேற்கே வைத்தாலும் அப்படித்தான். அன்றைக்கு கிரஷர் ஓடியதா என்பது அதைவிட முக்கியம்.

இன்னொரு கண்ணி, 600 என்ற எண். அது கிரஷரிலிருந்து 40 மீட்டரில் பார்க்கிற மொத்தத் தூசிக்கான வரம்பு. உங்கள் வீட்டு முற்றத்துக்கு 100தான். எந்த வரம்போடு ஒப்பிட்டார்கள் என்று கேளுங்கள்.

ஆன்லைனில் வாங்கிய, தூசி அளக்கிற சின்ன மீட்டரைக் காட்டி வாதாடப் போகாதீர்கள். ஒளி சிதறுவதை வைத்து அது கணக்குப் போடுகிறது. கடலோர ஈரத்தில் துகள் உப்பிப்போய் எண் ஏறிவிடும். அதைச் சொல்லியே உங்களை வெளியே அனுப்பிவிடுவார்கள். எந்த நேரத்தில் தூசி கூடுகிறது என்று நாள் வாரியாகக் குறித்துவைக்க மட்டும் அது உதவும்.

மனுவில் எல்லாவற்றையும் கலக்காதீர்கள். குவாரிக் குத்தகை என்றால் கனிமவளத் துறை, காற்று என்றால் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், தார்ப்பாய் போடாத டாரஸ் லாரி என்றால் போலீஸும் ஆர்டிஓவும். ஒரே மனுவாகக் கொடுத்தால் மூன்று இடத்துக்கும் 'அனுப்பப்பட்டது' என்று சுற்றும், யாரும் வரமாட்டார்கள். தனித்தனியாக எழுதி, திங்கட்கிழமை நாகர்கோவில் கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்தில் கொடுத்து, மனு எண் உள்ள ரசீதை வாங்காமல் நகராதீர்கள்.

அப்புறம், தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி வாரியத்துக்கு ஒரு மனு. 'ஏன் நடவடிக்கை இல்லை' என்று கேட்டால் மழுப்பலாக ஒரு பதில் வரும். நகல்களைக் கேளுங்கள்: கிரஷரின் இயக்க இசைவாணை (அதை ஓட்ட வாரியம் கொடுத்த அனுமதி), காற்று ஆய்வறிக்கை, கருவி வைத்த இடம், தொடங்கி முடித்த நேரம், காற்றின் திசை, தாளின் இரண்டு எடைகள். 30 நாளில் வரவில்லையா, அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு போட்டுவிடுங்கள். அதற்குக் கட்டணம் கிடையாது.