எலுமிச்சைத் தூரில் தண்ணீர் கட்டாதீர்கள்

இந்த மாதம் நான் பார்த்த ஐந்தாவது தோட்டம் இது. புளியங்குடிப் பக்கம், எட்டு வருஷத்து எலுமிச்சை. "இலை பூரா மஞ்சளா கிடக்கு சார். ஆனா பூ மட்டும் கொட்டிக் கிடக்கு" என்றார் தோட்டத்து அண்ணாச்சி. அந்தப் பூவைப் பார்த்துத்தான் எனக்குப் பகீரென்றது. வேர் அழுகிய மரம் பட்டுப்போகும் முன்னால் பல நேரம் இப்படித்தான் பூத்துத் தள்ளும்.

தூர் மண்ணைக் கையால் விலக்கினேன். பட்டை ஊறிக் கறுத்திருந்தது, அதற்கு மேலே தேன் நிறத்தில் பிசின். ஒரு பிடி சல்லிவேரை எடுத்து இரண்டு விரலால் உருவினேன். தோல் உறைபோலக் கழன்று வந்தது, மிஞ்சியது நூல்தான். பைட்டோப்தோராதான்: ஈரம் தேங்கினால் பெருகி, தூரையும் வேரையும் அழுகவைக்கிற, பூஞ்சாணம் போன்ற கிருமி. மஞ்சளைப் போக்க அவர் இரண்டு தடவை யூரியா வைத்து, தண்ணீரையும் கூட்டியிருந்தார்.

அண்ணாச்சி, மரம் தண்டு வழியாகத் தண்ணீர் குடிப்பதில்லை. குடிக்கிற சல்லிவேர் தூரை விட்டுத் தள்ளி, கிளை நிழல் விழுகிற பரப்பில் இருக்கிறது. தூரைச் சுற்றிக் குழியாகப் பாத்தி பிடித்துத் தேக்கினால் பட்டைதான் ஊறும். "எங்க அப்பா காலத்துல இப்படித்தான் பாய்ச்சினோம்" என்கிறீர்கள். அப்பா கமலையில் மாடு கட்டி அளவாக இறைத்தார். நாம் மோட்டாரைப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடுகிறோம். "நான் சொட்டுநீர் போட்டுட்டேனே" என்பவர்களும் போய்ப் பாருங்கள்: கன்று நட்டபோது வைத்த சொட்டுவான் இன்னும் தூரிலேயேதான் இருக்கும். அதை நகர்த்துங்கள்.

தூரிலிருந்து இரண்டடி தள்ளி ஒரு வரப்பு, கிளை ஓரத்தில் இன்னொரு வரப்பு. தண்ணீர் இரண்டுக்கும் நடுவில் மட்டும். ஒரு மரத்துப் பாத்தியிலிருந்து அடுத்த மரத்துக்குப் பாய்ச்சவே கூடாது, நோயும் கூடவே போகும். தண்டில் மண் அணைக்காதீர்கள். ஒட்டுக்கன்று நட்டால் ஒட்டுப் பகுதி தரையிலிருந்து முக்கால் அடியாவது மேலே இருக்கட்டும்.

பிசின் கண்ட இடத்தில் கெட்ட பட்டையை நல்ல பட்டை தெரிகிறவரை செதுக்கி, செதுக்கியதை எரித்துவிடுங்கள். அப்புறம் போர்டோ பசை: மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) 1 கிலோ, சுட்ட சுண்ணாம்பு 1 கிலோ, தண்ணீர் 10 லிட்டர். இரண்டையும் தனித்தனி பிளாஸ்டிக் வாளியில் ஐந்தைந்து லிட்டரில் கரைத்து, துத்தக் கரைசலைச் சுண்ணாம்புப் பாலில் ஊற்றுங்கள். கத்தியை முக்கிப் பாருங்கள், செம்பு நிறம் படிந்தால் இன்னும் கொஞ்சம் சுண்ணாம்பு வேண்டும். கலக்கிய அன்றே பூசிவிட வேண்டும். வெறும் காவியும் சுண்ணாம்பும் அடித்தால் இந்த நோய் கேட்காது.

மட்கிய தொழுவுரத்தில் டிரைக்கோடெர்மா என்ற நன்மை செய்யும் பூஞ்சாணத்தைக் கலந்து, ஈரம் காயாமல் பத்துப் பதினைந்து நாள் நிழலில் வைத்திருந்து வேர்ப்பகுதியில் இடுங்கள். அதே சமயம் தாமிர மருந்தை மண்ணில் ஊற்றிவிடாதீர்கள், டிரைக்கோடெர்மாவும் சேர்ந்து செத்துவிடும். இந்த நோய்க்கான மெட்டலாக்சில் மருந்து கைவசம் இருக்கிறதே என்று வருஷா வருஷம் அதையே ஊற்றுவதும் வேண்டாம், நோய்க்கிருமி அதற்குப் பழகிவிடும்.

ஐப்பசி மழை பிடிப்பதற்குள் ஒரு நாள் ஒதுக்கி, எல்லா மரத்தின் தூரையும் விலக்கிப் பாருங்கள். பிசின் தெரிந்தால் போட்டோ அனுப்பிவிட்டு என் பதிலுக்காகக் காத்திருக்க வேண்டாம். அன்றைக்கே தண்ணீரைத் தூரை விட்டுத் தள்ளி விடுங்கள்.